நாலரை அடித் தடுப்பு

2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. கணினிகளுக்கு நடுவே நிற்கும் தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பு இல்லாத கணினியின் திரை, கடையில் எல்லோரும் நடமாடும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பெற்றோரோ காப்பாளரோ உடன் வராத சிறுவர்களைத் தடுப்புக்குள் உட்கார விடக் கூடாது. வந்தவர் யார், என்ன அடையாள அட்டை காட்டினார், எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதையெல்லாம் பதிவேட்டில் ஏற்றி ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

விதி வந்தபோது தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எழுந்து போகத் தொடங்கியிருந்தார்கள். திரை அவர்களுடைய சட்டைப்பைக்கு மாறிக்கொண்டிருந்தது. அங்கே பலகையும் கிடையாது, பதிவேடும் கிடையாது. தமிழ்நாட்டு இளைஞர்கள் இணையத்தில் கூடத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பெரியவர்கள் ஓர் இடத்தைக் காவல் காக்கிறார்கள், ஒரு செயலியைத் தடை செய்கிறார்கள். இளைஞரின் கண்முன் எது வர வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாடோ அதற்குள் வேறெங்கோ நகர்ந்துவிடுகிறது.

மணிக்கு 20 ரூபாய்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் இணைப்புப் பெற்ற பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதில் எழுத்து மட்டும் வரும், படம் வராது. மோடம் இரைந்து ஓயும்வரை காத்திருக்கும் பொறுமையும், தொலைபேசி பில்லைத் தாங்கும் வசதியும் உள்ளவர்களுக்கே அந்த இணையம்.

அதைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தவர்கள் சிறு கடைக்காரர்கள். எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மெஷினும் வைத்திருந்தவர்கள் கடனை உடனை வாங்கி நாலைந்து கணினிகளை இறக்கினார்கள். பிளைவுட் பலகையால் அறை தடுத்தார்கள். தொடக்கத்தில் மணிக்கு 60, 80 ரூபாய் வரை வாங்கியவர்கள், பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை முளைத்ததும் 30, 20 என்று இறங்கினார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் கடை வாசலில் கூட்டம் நெருக்கும். ஒரு பிள்ளை மதிப்பெண் தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். மற்ற நாட்களில் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட் வேலைக்கென்று வந்து யாஹூ சாட் அறைகளில் முகம் தெரியாதவர்களோடு பேசினார்கள். வயது, பாலினம், ஊர் ஆகிய மூன்றையும் கேட்டுத்தான் அந்தப் பேச்சு தொடங்கும். மூன்றிலும் பொய் சொல்ல முடியும்.

பயம் அன்றும் இருந்தது. பலகைக்குப் பின்னால் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். ஆனால் அந்த இணையத்துக்கு எல்லைகள் தாமாகவே அமைந்திருந்தன. காசு கரைந்தது, கடைக்கார அண்ணன் நேரம் முடிந்ததென்று குரல் கொடுத்தார், இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கியது. தேடித் தட்டினால்தான் எதுவும் திரைக்கு வரும். தேடாமல் எதுவும் வந்து நிற்காது.

கிராமங்களில் இது வேறு விதமாக நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை அமைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பத்தோடு மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் இணையக் கூடங்கள் திறந்தன. புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் படித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த ஒருவர் நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கை அங்கிருந்த அறிவு மையத்து ஒலிபெருக்கியில் ஒலித்தது. சுனாமி வருமுன் ஊரே வெளியேறி உயிர் பிழைத்தது. வெகு தொலைவிலிருந்து வந்த செய்தியை, ஊராருக்குத் தெரிந்த ஒருவர் தன் குரலில் சொன்னார்.

ஸ்கிராப் எழுதிய காலம்

2004 ஜனவரியில் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய துருக்கியப் பொறியாளர் ஓர்குட் புயுக்கோக்டென் தன் பெயரிலேயே ஒரு தளத்தைத் தொடங்கினார். உள்ளே நுழைய ஏற்கெனவே இருப்பவர் அழைக்க வேண்டும். சில ஆண்டுகளில் ஓர்குட்டின் பெரும் கூட்டம் இரண்டே நாடுகளில் திரண்டிருந்தது: பிரேசில், இந்தியா. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பெருகிய அதே ஆண்டுகளில் கல்லூரி வாசல்களில் இருந்த பிரவுசிங் சென்டர்களை ஓர்குட்தான் நிரப்பியது.

ஓர்குட் ஊர்த் திண்ணையைப் போல இருந்தது. நண்பரின் ‘ஸ்கிராப்புக்’கில் எழுதுவதை வழியில் போகும் எவரும் படிக்கலாம். நம் பக்கத்தை யார் எட்டிப் பார்த்தார் என்றும் தெரியும். நண்பரைப் பற்றி ‘டெஸ்டிமோனியல்’ எழுதிக் கொடுப்பது ஒரு மரியாதை; வாங்குவது ஒரு பெருமை. நம்பகமானவரா என்பதற்குச் சிரிப்பு முகங்களாலும், ‘கூல்’ என்பதற்கு ஐஸ் கட்டிகளாலும் மதிப்பெண் போடலாம். ஊர், பள்ளி, நடிகர், இசையமைப்பாளர் என்று எதற்கும் ஒரு கம்யூனிட்டி இருந்தது. 2007-ல் தளம் தமிழிலும் கிடைத்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டிப் பழகியிருந்தவர்கள், அதே விசைகளில் தட்டியது தமிழெழுத்தாக மாறித் திரையில் விழுவதைக் கண்டார்கள்.

காயங்களும் அங்கேதான் தொடங்கின. பெண்களின் பக்கங்களிலிருந்து படத்தை எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குவது சில ஆண்களுக்கு விளையாட்டாயிற்று. விளைவாக, தமிழ்ப் பெண்கள் தங்கள் முகத்துக்குப் பதில் ரோஜாப் பூவையும் குழந்தை படத்தையும் நடிகையின் படத்தையும் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். திருடியவனைத் தட்டிக் கேட்காமல், திருட்டுக்குப் பயந்து முகத்தை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அன்று வேரூன்றியது. அதன் கசப்பான விளைச்சலைப் பின்னால் தமிழ்நாடு அறுவடை செய்தது.

ஆனாலும் ஓர்குட்டில் யாரை, எதைப் பார்ப்பது என்பதைப் பயனர்தான் தீர்மானித்தார். நண்பரின் பக்கத்துக்குத் தானாக நடந்து போக வேண்டும். அந்த நடையை ஒழித்தது ஃபேஸ்புக்.

ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில் 2004 பிப்ரவரியில் பிறந்த ஃபேஸ்புக், 2006 செப்டம்பர் 5 அன்று ‘நியூஸ் ஃபீட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நண்பர்கள் செய்வதெல்லாம் ஒரே பட்டியலாக முதற்பக்கத்தில் வந்து விழும். அமெரிக்க மாணவர்கள் கொதித்தார்கள். அதை எதிர்த்து ஃபேஸ்புக்கிலேயே தொடங்கிய குழுவில் சில நாட்களில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். மார்க் சக்கர்பெர்க் வருத்தம் தெரிவித்தார், சில கட்டுப்பாடுகளைச் சேர்த்தார். ஃபீட் மட்டும் போகவில்லை. எதிர்ப்புக் குழு அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கும் அந்த ஃபீடே காரணம் என்பதை நிறுவனம் கவனித்துக்கொண்டது. அதே மாதம் 26 அன்று, 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவு திறந்தது. 13 என்ற எண் குழந்தை மனநலம் பற்றிய ஆய்வில் பிறந்ததில்லை. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக் கூடாது என்ற 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் போட்ட கோடு அது. அந்தக் கோடுதான் தஞ்சாவூரிலும் தூத்துக்குடியிலும் பிள்ளைகளுக்கான வயது வரம்பாயிற்று.

2006-லேயே அமெரிக்க வடிவமைப்பாளர் ஆசா ராஸ்கின், பக்கம் முடியாமல் கீழே வந்துகொண்டே இருக்கும் முடிவில்லா ஸ்க்ரோலை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2009 பிப்ரவரி 9 அன்று லைக் பொத்தான் வந்தது. நட்பு எண்ணிக்கையாக மாறியது. எழுதியவருக்கு எத்தனை பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பதிவை மேலே தூக்குவது என்று கணிக்க அந்த எண் நிறுவனத்துக்கும் உதவியது. 2010-ல் இந்தியாவில் ஃபேஸ்புக் ஓர்குட்டை முந்தியது. 2014 செப்டம்பர் 30 அன்று கூகுள் ஓர்குட்டை மூடியது.

அடுத்த மாத முடிவோடு, நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையும் கதவடைத்தது. 2006 முதல் கோடிக்கணக்கான பட்டன் போன்கள் அங்கிருந்து போயின. அவற்றைப் பூட்டிச் சோதித்துப் பெட்டியில் அடைத்தவர்களில் பெரும்பாலோர் சுற்று மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். நிறுவனத்தின் விற்பனைச் சிக்கல், வரி வழக்கு, தொடுதிரையின் எழுச்சி எல்லாம் சேர்ந்து அந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தை அறுத்தன.

ஐந்து பேருக்கு மட்டும்

சமூக ஊடக வதந்தியை வாட்ஸ்அப்போடு சேர்த்தே பேசுகிறோம். அதற்கு முன்பே பட்டன் போனில் அது நடந்தது. 2012 ஆகஸ்டில் அசாம் கலவரத்தை அடுத்து, தென்னிந்திய நகரங்களில் வேலை செய்யும் வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவார்கள் என்ற எஸ்.எம்.எஸ். பரவியது. பெங்களூரு, சென்னை, புனே ரயில் நிலையங்களில் இளைஞர்கள் பை மூட்டையோடு குவாஹாத்தி ரயிலுக்கு நெருக்கியடித்தார்கள். ஒருவர் நாளுக்கு ஐந்து எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மேல் மொத்தமாக அனுப்ப முடியாதபடி அரசு 15 நாட்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இந்த ஐந்து என்ற எண் பின்னால் மறுபடி வரும்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளின் வீட்டில் முதல் கணினி அதுதான். இணைப்புக்கு வழியில்லாமல் பென் டிரைவில் படமும் பாட்டும் ஏற்றிக்கொண்டவர்கள், விரைவில் போனிலிருந்தே இணைப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். வாட்ஸ்அப் குரூப் இல்லாத வகுப்பறை அருகியது.

சாதி அந்தக் குரூப்புகளில் தன் பழைய வேகத்தோடு நுழைந்தது. 2015-ல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் சாதியின் பெயரால் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி, தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார். இளைஞர்கள் அவற்றைக் கைமாற்றினார்கள். 2022-ல் மதுரை நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கொலையைச் சாதிப் பெருமையாக மாற்றிக் காதோடு காதாகச் சொல்ல ஓர் ஊடகம் கிடைத்தது என்பதை 2015-ஆம் ஆண்டு காட்டியது.

அதே ஆண்டு டிசம்பரில் அதே தலைமுறை சென்னையைத் தூக்கி நிறுத்தியது. 1, 2 தேதிகளின் பெருமழையில் அடையாறு கரை மீறியபோது, எங்கே படகு தேவை, எந்த மாடியில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த மண்டபத்தில் சாப்பாடு கிடைக்கிறது என்பதை இளைஞர்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் திரட்டி, எல்லோரும் திருத்தக்கூடிய அட்டவணைகளில் ஏற்றினார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் அழைத்துச் சரிபார்த்து, உதவி போய்ச் சேர்ந்த முகவரிகளை அட்டவணையிலிருந்து நீக்கினார்கள். உண்மையா என்று கேட்டுப் பார்ப்பது அந்தப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. மாதம் முழுக்க ஒரு ஜி.பி.யைச் சிக்கனமாகச் செலவழித்தவர்களுக்கு நாளுக்கு ஒரு ஜி.பி.க்குக் குறையாமல் கிடைத்தது. அடுத்த மார்ச் வரை அது இலவசம். பிரவுசிங் சென்டரில் காசு போட்டிருந்த எல்லை ஒரே பருவத்தில் அழிந்தது.

நாலு மாதம் கழித்து மெரினா. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் இன்னொரு பொங்கலும் வாடிவாசல் திறக்காமல் கழிந்தது. அலங்காநல்லூரில் போராடிய இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. 2017 ஜனவரி 17 அன்று சென்னைக் கடற்கரையில் கூடிய சில நூறு பேர் மறுநாளே பல்லாயிரம் ஆனார்கள். மீம் பக்கங்களும் வாட்ஸ்அப் குரூப்புகளும் நேரலையும் அழைத்த அழைப்பு அது. மதுரை தமுக்கத்திலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் அதே கூட்டம். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் ஆதரவுக் கூட்டங்கள். விளக்கு அணைக்கப்பட்ட இரவில் ஆயிரக்கணக்கான போன்களின் டார்ச் எரிந்தது. பெண்கள் இரவெல்லாம் கடற்கரையில் தங்கினார்கள். குப்பையை அவர்களே அள்ளினார்கள், போக்குவரத்தை அவர்களே சீர் செய்தார்கள், மேடை கேட்ட கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது, 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதே நாள் காலையில் காவல்துறை கூட்டத்தை அடித்துக் கலைத்தது. ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் எரிந்தது. நடந்ததை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் ஆணையம் அமைந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. போனில் தொடங்கிய கூட்டம் மணலில் முகம் பார்த்து உட்கார்ந்ததால் அரசியலாயிற்று.

முகம் பார்க்காத கூட்டம் எப்படி இருக்கும் என்பதைப் பதினாறு மாதம் கழித்து அத்திமூர் காட்டியது. குழந்தை கடத்தும் வடமாநிலக் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் படங்களும் வடமாவட்டங்களில் பரவியிருந்த நேரம். 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பம் வழியில் நின்றது. அந்தக் குடும்பத்து மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். கும்பல் அவரை அடித்துக் கொன்றது. உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் மனநலம் குன்றியவராகத் தெரிந்த ஒரு மனிதரும் இதே வதந்தியால் கொல்லப்பட்டார். நல்லவாட்டில் ஒலிபெருக்கியைப் பிடித்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அத்திமூருக்கு வந்த குரலுக்குச் சொந்தக்காரர் இல்லை.

ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில் இதே வதந்தி ஐந்து பேரைப் பலி கொண்டது. அதன் பிறகே வாட்ஸ்அப் அசைந்தது. ‘ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி வரம்பு போட்டது. படத்துக்கும் வீடியோவுக்கும் அருகே இருந்த விரைவு ஃபார்வர்ட் பொத்தானையும் எடுத்தது. 2012-ல் அரசு கண்டுபிடித்த அதே ஐந்து. ஒரு பொத்தானின் இடம் மனித உயிரோடு தொடர்புடையது என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

பதினைந்து நொடி மேடை

சமூக ஊடகம் இளைஞரைக் கெடுக்கிறது என்ற வழக்கு 2019-ல் மதுரைக்கு வந்தது. சீனாவின் பைட்டான்ஸ் நிறுவனம் 2017 நவம்பரில் மியூசிக்கலி செயலியை வாங்கி, 2018 ஆகஸ்டில் டிக்டாக்குடன் இணைத்திருந்தது. டிக்டாக் யாரைத் தெரியும் என்று கேட்பதில்லை. எந்த வீடியோவில் கண் எத்தனை நொடி நின்றது என்று கணக்கெடுத்து, அதைப் போன்ற அடுத்ததைத் தானே எடுத்து வைக்கும். நண்பரைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் பயனரிடமிருந்து போயிற்று.

அந்த ஏற்பாடு பலருக்கு விடுதலையாகவும் இருந்தது. சினிமாவிலோ தொலைக்காட்சியிலோ ஒருநாளும் இடம் கிடைக்காத முகங்களுக்கு மேடை கிடைத்தது: வயல் வேலை முடித்து வந்த கணவன் மனைவி, பனியன் கம்பெனித் தொழிலாளி, திருநங்கை, பேரனோடு ஆடிய பாட்டி. பின்தொடர்வோர் ஒருவரும் இல்லாதவரின் வீடியோவைக்கூட லட்சம் பேர் பார்க்கலாம். அதே மேடையில் ஆபாச வசையும் சாதி மிரட்டலும் பெண்களின் உடலைக் குறிவைத்த கேலியும் ஏறின. தடை வேண்டும் என்ற குரல் 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் எழுந்தது. ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் கிருபாகரன், சுந்தர் அமர்வு செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்ய உத்தரவிட்டது. சில நாட்களில் ஆப் ஸ்டோர்களிலிருந்து டிக்டாக் மறைந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை நீக்கியதாக நிறுவனம் முறையிட்ட பின், ஏப்ரல் 24 அன்று நிபந்தனையோடு தடை விலகியது.

சென்னை மாகாணத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று. சினிமா இளைஞரின் ஒழுக்கத்தைக் கெடுக்கிறதா என்று ஆராய 1927-ல் ஆங்கில அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கானோரிடம் சாட்சியம் வாங்கியது. எழுந்த கூச்சல் அளவுக்கு ஆபத்து இல்லை என்ற பக்கமே 1928-ஆம் ஆண்டு அறிக்கை சாய்ந்தது. இந்த முன்னுதாரணத்தைக் காட்டி இன்றைய கவலையும் வீண் பயமே என்று சொல்வோர் உண்டு. அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். டூரிங் கொட்டகையில் படம் முடிந்தது, விளக்கு எரிந்தது. ஒவ்வொரு பையனும் எந்தக் காட்சியில் கண் இமைக்காமல் இருந்தான் என்று குறித்து, அவனுக்கென்று அடுத்த ரீலை வெட்டிக் கொடுக்கும் ஆபரேட்டர் அங்கே இல்லை.

2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 29-ஆம் தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது; டிக்டாக் இந்தியாவில் சுமார் 20 கோடிப் பயனர்களை ஒரே இரவில் இழந்தது. அதை வைத்துப் பிழைத்த எளிய கலைஞர்கள் நிர்க்கதியானார்கள். ஒன்பதாம் நாள், ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் முதன்முதலாக இந்தியாவில் வந்தது. செயலி போனது. கண் நிற்கும் நொடியை எண்ணி அடுத்ததை ஊட்டும் ஏற்பாடு அப்படியே நிலைத்தது, ஊரடங்கில் வகுப்புக்காகப் போன் வாங்கிக் கொடுக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் கையில்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் சமையல் தெரிந்த ஒரு தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனலானது. ஊரை விட்டுப் போகாமல் ஊரின் திறமையை விற்க முடிந்தது. ஆனால் அப்படி ஒரு கிராமம் உயரும்போது ஆயிரம் இளைஞர்கள் படிப்பையும் வேலையையும் விட்டு அந்த எண்ணைத் துரத்தினார்கள். யாருடைய வீடியோ ஏறும், யாருடையது இறங்கும் என்பதற்கான விதி எவருக்கும் சொல்லப்படவில்லை.

உள்ளறைக் காகிதங்கள்

பெண்களின் முகம் திருடப்பட்டபோது சமூகம் பெண்களையே ஒளிந்துகொள்ளச் சொன்னதன் விலை பொள்ளாச்சியில் தெரிந்தது. சமூக ஊடகத்தில் நட்பாகப் பழகி, அழைத்துப் போய், வன்கொடுமை செய்து, படம்பிடித்து மிரட்டிய கும்பல் 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. வெளியே சொன்னால் வீட்டில் தன்னைத்தான் குற்றம் சொல்வார்கள் என்ற பயம்தான் அந்தக் கும்பலின் முதல் ஆயுதம். பாதிக்கப்பட்ட பெண்கள் ஆறாண்டு உறுதியாக நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது.

கும்பல் எதுவும் இல்லாமலே, செயலியின் அமைப்பே செய்யும் கேடு அமெரிக்காவில் அம்பலமானது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாகன் 2021-ல் நிறுவனத்தின் உள்ளாய்வுக் காகிதங்களை வெளியே கொண்டுவந்து, அக்டோபர் 5 அன்று செனட் குழு முன் சாட்சியம் சொன்னார். உடலைப் பற்றிய தாழ்வுணர்வில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்கியதாகச் சொன்னதை அந்தக் காகிதங்கள் காட்டின. ஆய்வு தவறாகப் படிக்கப்படுகிறது என்று நிறுவனம் வாதிட்டது. ஆனால் நிறுவனம் இதைப் பற்றித் தானே ஆராய்ந்து வைத்திருந்தது என்பது மறுக்க முடியாததாயிற்று. நிறம், எடை, முடி என்று வீட்டு விசேஷத்திலேயே பெண் பிள்ளையை அளக்கும் தமிழ்ச் சூழலில், அந்தச் செயலியை நாளெல்லாம் பார்க்கும் சிறுமியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

சட்டங்கள் இப்போதுதான் இடத்தை விட்டு ஏற்பாட்டின் பக்கம் திரும்புகின்றன. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை நிறுவனங்களே தடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியது. 2025 டிசம்பர் 10 அன்று அது அமலுக்கு வந்தது. தவறும் நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியில் போயிற்று. பயனரின் நடத்தையை வேவு பார்த்து அடுக்காத ஒரு ஃபீடையாவது பெரும் தளங்கள் தர வேண்டும், சிறுவர்களின் விவரத்தை வைத்து அவர்களுக்கு விளம்பரம் காட்டக் கூடாது என்று அதன் டிஜிட்டல் சேவைச் சட்டம் சொல்கிறது. பெரும் தளங்கள் மீது இது 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும்; குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடரவோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது; மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அந்த அவகாசத்தில் தமிழ்நாடு செய்யக்கூடிய வேலை இருக்கிறது. பிள்ளைக்குத் தாய் தந்தையர் போன் இயக்கக் கற்றுக்கொடுத்த வீடுகளைவிட, பிள்ளையே தாய்க்குப் போன் இயக்கக் கற்றுக்கொடுத்த வீடுகள் இங்கே அதிகம். அங்கெல்லாம் ‘பெற்றோர் ஒப்புதல்’ என்ற கட்டத்தில் விரல் வைக்கப்போவது பிள்ளைதான். ஆகவே ஒப்புதல் எப்படிச் சரிபார்க்கப்படும் என்பதைத் தமிழில், எளிய குடும்பங்களுக்குப் புரியும்படி நிறுவனங்கள் விளக்க வேண்டும் என்று மாநில அரசு கேட்கலாம். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பேசலாம். நடத்தையை வேவு பார்த்து அடுக்காத ஃபீட் ஐரோப்பியப் பிள்ளைகளுக்குச் சட்டப்படி கிடைக்கிறது. இந்தியச் சட்டத்தில் அதற்கு இணையான கடமை இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் குரல் எழுப்ப வேண்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 39 மக்களவை உறுப்பினர்கள்.